உமிழ்நீர் கூறும் சான்று

வாய்ப்புற்றுநோயை ஒரு சிறிதளவு உமிழ்நீரைக் கொண்டே முளையிலேயே அறிந்துவிடலாம் என்னும் செய்தி இந்நாளில் பெரிதும் பேசப்படுகிறது. இக்கூற்று எத்துணை உறுதியுடையது என்பதை ஆராய்வோம்.

இது நமக்கு அயலான பொருளன்று. சிராங்கூன் சாலையில் வாங்கும் வெற்றிலை பாக்கு, ரயிலேறிப் பொங்கோல் வீடுகளுக்கும் செல்கிறது. புகையிலை சேராத தாம்பூலமும் புற்றை விளைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது.

அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக அறிஞர் டேவிட் வாங் குழுவினர், உமிழ்நீரிலுள்ள ஆர்.என்.ஏ. குறிகளைக் கொண்டு நோயுற்றோரை நலமுள்ளோரினின்று பிரித்துக் காட்டினர். நோயுற்றோருள் நூற்றுக்கு 91 பேரையும், நலமுள்ளோருள் நூற்றுக்கு 91 பேரையும் அச்சோதனை சரியாக இனங்கண்டது. அரிய சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஆய்வுக்கூடம் வேறு, ஊர் வேறு. ஒரு கணக்கைப் பார்ப்போம். 10,000 பேருள் 10 பேர்க்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். இச்சோதனை அவருள் 9 பேரைக் கண்டுபிடிக்கும். நோயற்ற ஏறத்தாழ 900 பேரையும் நோயுற்றோர் என்று அச்சுறுத்தும். மேலும், அக்குறிகளுள் ஒன்றான இன்டர்லூக்கின்-8 புற்றுக்கே உரியதன்று. ஈறு வீங்கினாலும் மிகும். வீக்கத்தின் குறியைப் புற்றின் குறியென மயங்குதல் தகுமோ?

இதற்கு மாறாகத் திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வை நோக்குக. பயிற்சி பெற்ற ஊழியர் வீடுதோறும் சென்று மக்களின் வாயைக் கண்ணால் பார்த்தனர். ஐயத்திற்குரியோரை மருத்துவரிடம் அனுப்பினர். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மது பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் இப்பழக்கங்கள் இல்லாதாரிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. ஆகவே யாரைச் சோதிப்பது என்பதே முதல் வினா.

உமிழ்நீர்க் குறிகள் வேண்டாம் என்பது எம் கருத்தன்று. கண்ணால் கண்ட வெள்ளைப் படையோ சிவப்புப் படையோ தீயதாக மாறுமா என அறிய அவை துணைச்சான்றாகலாம். திசுச் சோதனைக்கு மாற்றாகா. அதுவரை, இரு வாரத்தில் ஆறாத புண்ணையும், அகலத் திறக்க மறுக்கும் வாயையும் பல் மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை. பாக்கை விடுவது அதனினும் நன்று.