வனெஸ்ஸா

பெண் குழந்தைக்கு யாரும் வைக்காத பெயராகத் தேடுகிறீர்களா? ஒரு நிமிஷம். 'வனெஸ்ஸா' பிறந்த கதையைக் கேளுங்கள்.

'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட்டை எஸ்தர் வானம்ரி என்ற பெண் காதலித்தாள். அவரைவிட 20 வயசு சின்னவள். குடும்பப் பெயரிலிருந்து 'வான்', எஸ்தரைச் சுருக்கி 'எஸ்ஸா'. இரண்டையும் ஒட்டி ஸ்விஃப்ட் செய்த புதுப்பெயர்தான் வனெஸ்ஸா.

அவளைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கவிதை 'கடீனஸ் அண்ட் வனெஸ்ஸா'. அவளுடைய அறிவை, அழகைப் பக்கம் பக்கமாகப் புகழ்கிறார். சரி, அவள் காதலை ஏற்றாரா? அந்த இடம் வந்ததும் 'அதை மட்டும் கேட்காதீங்க' என்று நழுவிவிடுகிறார். கெட்டிக்காரத்தனமான கவிதை. நேர்மையானது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

1723-ல், 35 வயசில் அவள் இறந்தாள். உயிலில் ஸ்விஃப்ட்டின் பெயரே இல்லை. என்னைக் கேட்டால், கவிதைக்குச் சரியான விமர்சனம் அதுதான். கவிதை அச்சானது 1726-ல்.

1807-ல் ஃபப்ரீசியஸ் இந்தப் பெயரை ஒரு வண்ணத்துப்பூச்சிப் பேரினத்துக்கு வைத்தார். அப்புறம் வர்ஜீனியா வுல்ஃபின் அக்கா, நடிகை ரெட்கிரேவ் என்று எத்தனையோ வனெஸ்ஸாக்கள். கவிதையை இன்று யார் படிக்கிறார்கள்? பெயர் மட்டும் பறந்து தப்பித்துவிட்டது.