சேவலா, பெட்டையா?

அடைக்கு வைக்கும்பொழுதே முட்டையைக் கையில் உருட்டிப் பார்த்து, கூர்மையானது சேவலாகும், உருண்டையானது பெட்டையாகும் என்று நம் கிராமத்துப் பெண்மணிகள் தீர்ப்புச் சொல்வதுண்டு. அரிஸ்டாட்டிலோ இதற்கு நேர்விரோதமாக, நீண்டு கூர்ந்த முட்டையே பெட்டை என்று எழுதிவைத்தார். இவ்விரு சித்தாந்தங்களும் சேதமின்றி ஜீவித்திருப்பதில் அதிசயமில்லை. விடை இரண்டே ஆன கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாலும் பாதி பலிக்கும். பலித்தது ஊர்ப்பேச்சாகிறது, பலிக்காதது குழம்பாகிவிடுகிறது. உண்மையில், குஞ்சின் பால் தாயின் கருவணுவிலேயே நிச்சயமாகிவிட, அதன்பின் கருக்குழாயில் வந்து மூடுகிற ஓட்டின் வடிவம் தாயைப் பற்றிச் சொல்லுமேயன்றிக் குஞ்சைப் பற்றி யாதொன்றும் சொல்லாது.

பொரித்த பின் பார்க்கும் லட்சணங்களை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளை ஒரே பஞ்சாரத்தில் நாள்தோறும் அடைத்துத் திறக்கிறவள், ஆறு எட்டு வாரங்களில் எதன் கொண்டை முந்திச் சிவக்கிறது, எதன் கால் தடிக்கிறது என்று உடன்பிறப்புகளை ஒப்புநோக்கியே முடிவுக்கு வருகிறாள். வயதும் தீனியும் ஒன்றாயிருப்பதால் அந்த ஒப்பீடு சாஸ்திரீயமானதே. ஆனால் அதே அளவுகோலை அடுத்த வீட்டுச் சண்டைக்கோழிக் குஞ்சின்மேல் வைத்தால் பொய்த்துப்போகும். அசீல் ஜாதிக்குக் கொண்டை பிறவியிலேயே சிறுத்துப் படிந்திருப்பது. கழுத்திலும் இடுப்பிலும் சேவலுக்குரிய கூரிய, மினுங்கும் இறகுகள் தோன்றும் வரை, ஏறக்குறைய மூன்று மாதம், பொறுத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே பாலைச் சொல்வதற்கு முன் இனத்தைச் சொல்லியாக வேண்டும். கொல்லைப்புறத்திலோ இனம் என்பதே சந்தேகத்துக்குரியது. கறுத்த குஞ்சையெல்லாம் ஜாபுவாப் பிரதேசத்துக் கடக்நாத் என்று விலை கூறுகிறார்கள். நிறம் கலப்பிலும் ஓரளவு வந்துவிடும், வம்சம் வராது.

சிறகைப் பிரித்துப் பார்க்கும் வித்தையும் இப்படியே. இறகு சீக்கிரம் முளைக்கும் வம்சத்துச் சேவலையும், தாமதித்து முளைக்கும் வம்சத்துப் பெட்டையையும் வேண்டுமென்றே இணைத்தால்தான் பெண்குஞ்சுக்கு முதல் நாளே சிறகிறகு நீண்டிருக்கும். எது எதனோடு சேர்ந்தது என்று தெரியாத தெருக்கோழிக்கு அது வெறும் ஜோசியம். 1927-ல் ஆட்டவா நகரில் கூடிய உலகக் கோழி மாநாட்டில் ஜப்பானியர் விளக்கிய முறை, ஒருநாள் குஞ்சின் எச்சவாயைப் பிதுக்கிப் பார்ப்பது, தாய்தகப்பனின் வம்சத்தை விசாரிப்பதில்லை. எனினும் நீண்ட பயிற்சியில்லாத விரல் குஞ்சின் உயிருக்கே ஆபத்து.

பொரிப்பகத்தில் நடக்கும் இந்தப் பரிசோதனை நம் தெருவுக்கும் வந்து சேர்ந்திருப்பதுதான் எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. பச்சையும் ரோஜாவுமாகச் சாயமேற்றி, சைக்கிள் கூடையில் மலிவாக விற்கவரும் குஞ்சுகளில் பெரும்பாலானவை, முட்டையினத்துப் பெட்டைகளைப் பொறுக்கியெடுத்த பின் மிஞ்சிய சேவல்கள். அப்படியொரு கூடையின்மேல் குனிந்து, ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்துத் தொங்கவிட்டு, பெட்டை என்று என் அத்தை தெரிந்தெடுத்த நான்கும் பின்னாளில் கூவின. பாதியாவது பலிக்கும் என்ற பழைய கணக்குக்கூட அங்கே செல்லவில்லை.