மைலேஜ் எவ்வளவு? சிறிய சுசுகியும் இரண்டு கரைகளும்

சென்னையில் பழைய கார் பார்க்கப் போகிறவர் முதலில் கேட்பது, "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று பொருள். யாழ்ப்பாணத்தில் பழைய கார் பார்க்கப் போகிறவரும் "மைலேஜ் எவ்வளவு?" என்றுதான் தொடங்குவார். ஆனால் அவர் கேட்பது மீற்றரில் விழுந்திருக்கும் எண்ணை. கார் இதுவரை எவ்வளவு ஓடிவிட்டது, இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அறிய விரும்புகிறார். பெற்றோல் கணக்கை அதன்பிறகு தனியாகக் கேட்பார்.

இந்த ஒரு சொல்லின் இரண்டு பொருளுக்குள் இரண்டு நாட்டுக் கார் வாழ்க்கையும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. சென்னை வளசரவாக்கத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பியவன் நான். அங்கே மச்சானின் வேகன் ஆர், இங்கே கொக்குவிலில் மாமாவின் மாருதி 800. இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். இரண்டும் சுசுகி வயிற்றில் பிறந்தவை. வளர்ந்த வீடுகள்தான் வேறு.

பிறந்த வீட்டிலிருந்து தொடங்கினால் சொல்வது எளிது. சுசுகி மிச்சியோ 1909இல் ஜப்பானின் ஹமமட்சுவில் நெசவுத்தறி செய்யும் பட்டறையாகத் தொடங்கியது இந்த நிறுவனம். அதன் முதல் கார், சுசுலைட், 1955இல் வந்தது. ஆனால் "சுசுகி என்றால் மலிவு" என்ற பெயரை நிலைநாட்டியது 1979இல் வந்த ஆல்டோ. விலை 4,70,000 யென். அப்போது நிறுவனத் தலைவராக இருந்த ஒசாமு சுசுகி, பயணிகள் காருக்கு அரசு போட்ட பொருள் வரியைக் கவனித்தார். சரக்கு வாகனத்துக்கு அந்த வரி கிடையாது. எனவே பார்வைக்குக் காராகவும் பதிவில் சரக்கு வாகனமாகவும் ஆல்டோவைச் செய்தார்கள். மலிவுக் காரின் கதை முதல் நாளிலிருந்தே வரியின் கதை. அதன் பிறகு இந்தியாவிலும் இலங்கையிலும் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தத் திறவுகோல் போதும்.

இந்தியா அந்தக் காரைத் தன் மண்ணிலேயே செய்தது. 1981இல் அரசு நிறுவனமாக மாருதி உத்யோக் உருவாயிற்று. 1982 அக்டோபரில் சுசுகியுடன் ஒப்பந்தம். 1983 டிசம்பர் 14இல் முதல் மாருதி 800இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கையளித்தார். தொடக்க ஆண்டுகளில் நிறுவனத்தை நடத்தியவர் தஞ்சை மாவட்டத்துக்காரரான வி. கிருஷ்ணமூர்த்தி. அந்தக் கார் 796 சிசி, மூன்று சிலிண்டர், ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய். அதுவரை பெரும்பாலும் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியுமே கண்ட நடுத்தரக் குடும்பம், காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும் காரை அப்போதுதான் கண்டது. 2014 ஜனவரியில் தயாரிப்பு நிற்கும்வரை 25 லட்சத்துக்கும் மேற்பட்ட 800கள் வெளிவந்தன. ஸ்கூட்டரிலிருந்து காருக்கு ஏறும் முதல் படி அதுதான்.

இலங்கையில் அப்படிப் பெருமளவில் கார் செய்யும் தொழிற்சாலை இல்லை. கார் என்றால் கப்பலில் வர வேண்டும். துறைமுகத்தில் வரி கட்ட வேண்டும். பல நேரங்களில் அந்த வரி காரின் விலையையே மிஞ்சும். அதனால் இங்கே எந்தக் காரும் வாங்கும்போது மலிவாக இருந்ததில்லை. இந்தியாவிலிருந்து மாருதி 800உம் பிறகு ஆல்டோவும் வந்தன. ஜப்பானிலிருந்து ஓரிரு ஆண்டு ஓடிய கார்கள் "ரீகண்டிஷன்" என்ற பெயரில் வந்தன. ஜப்பானும் நம்மைப்போல் இடப்பக்கம் ஓட்டும் நாடு, ஸ்டியரிங் வலப்பக்கம். அங்கே புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும் பிறகு இரண்டு ஆண்டுக்கொரு முறையும் கடுமையான, செலவு மிக்க பரிசோதனை உண்டு. அதற்கு முன்பே பலர் காரை விற்றுவிடுவதால் நல்ல நிலையில் உள்ள கார் ஏலத்துக்கு வருகிறது. இப்படி சுசுகியின் இந்தியப் பிள்ளையும் ஜப்பான் பிள்ளையும் ஒரே தெருவில் சந்திக்கும் நாடாக இலங்கை ஆனது. "ஆல்டோ வாங்கியிருக்கிறேன்" என்று சொன்னால், "இந்தியனா, ஜப்பானா?" என்பதுதான் இங்கே அடுத்த கேள்வி.

வேகன் ஆரில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஜப்பானில் சிறிய காருக்கு அளவு சட்டத்தில் உண்டு: 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம், 660 சிசி எஞ்சின். அந்த வரம்புக்குள் நின்றால் வரி குறைவு. இந்தியா 2006இல் வேறொரு அளவுகோலை எடுத்தது: 4 மீற்றருக்குள் நீளம், பெற்றோல் எஞ்சின் 1,200 சிசிக்குள். டிசையர் என்ற கார் 2012இல் பின்பக்கம் வெட்டப்பட்டு 3,995 மில்லிமீற்றரில் நின்றது இதனால்தான். இலங்கை எஞ்சினின் சிசியைப் பார்த்து வரி போடுகிறது. எனவே மச்சானின் வேகன் ஆர் 998 சிசி. உள்ளே மூன்று பேர் பின்னால் தாராளமாக உட்காரலாம். டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர். யாழ்ப்பாணத்தில் என் அயலவரின் வேகன் ஆர் 660 சிசி. அகலமும் குறைவு. சீற்றுக்கடியில் சிறிய லித்தியம் பற்றரி, சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக ஓயும். எரிபொருளை மிச்சம் பிடிக்க ஒருவருக்கு எரிவாயு, மற்றவருக்கு ஹைபிரிட். இரண்டு பேரும் தங்கள் காரைச் சிக்கனமானது என்று சொல்வார்கள். இரண்டும் உண்மை.

வாங்கும் முறையும் இரண்டு. மச்சான் ஷோரூமுக்குப் போனார், வங்கிக் கடன் எடுத்தார், மாதா மாதம் டியூ கட்டினார். ஆர்சி என்ற பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் அடமானமாக ஏறியது. கடைசித் தவணையோடு நீங்கியது. சாலை வரியை வாங்கும்போதே ஆயுளுக்கும் கட்டிவிட்டார். பதினைந்து ஆண்டுவரை பதிவைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. இங்கே லீசிங் எடுத்தால் வாகனப் புத்தகத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும்: நாம் பதிவு உரிமையாளர், லீசிங் கொம்பனி முழு உரிமையாளர். வீட்டு முற்றத்தில் நிற்கும் காரில் நமக்குப் பாதிதான் சொந்தம் என்று அந்தப் புத்தகம் ஒவ்வொரு முறையும் நினைவூட்டும். தவணை தவறிய வீட்டு வாசலில் வந்து காரைத் தூக்கிக்கொண்டு போன காட்சியை எங்கள் ஒழுங்கையிலேயே பார்த்திருக்கிறேன். இதைத் தவிர ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை, காப்புறுதி, பிரதேச செயலகத்தில் வரிப்பத்திரம். சாலை வரி இந்திய உரிமையாளருக்கு ஒரே நாள் வேலை. இலங்கை உரிமையாளருக்கு ஆண்டுத் திவசம் போல அது வந்துகொண்டே இருக்கும்.

இந்தச் சுமையால்தான் இங்கே காரை வைத்திருக்கும் விதமே மாறிவிடுகிறது. ஜப்பானிலிருந்து வந்த சிறு கார் சாவியைத் திருப்பியதும் ஜப்பானிய மொழியில் ஏதோ வணக்கம் சொல்லும். வானொலி பெரும்பாலும் 90 மெகாஹேட்சுக்கு மேல் பிடிக்காது. அந்நாட்டின் அலைவரிசை வேறு. அதற்கென்று ஒரு சிறு பெட்டியை வாங்கிப் பூட்டினால்தான் ஊர் எப்எம் கேட்கும். அந்தக் காரை மாற்றாமல் தனக்கு ஏற்றபடி பழக்கிக்கொள்கிறான் உரிமையாளன். சென்னையில் மச்சானுக்கு அந்தத் தேவை இல்லை. ஐந்தாம் ஆண்டு பழையதை விற்றுப் புதிய மாடல் எடுத்தார். ஆட்டோ கன்சல்டிங் கடைக்காரர் சுற்றிப் பார்த்தார், "ஃபர்ஸ்ட் ஓனரா சார்?" என்று கேட்டார், ஒரு மணி நேரத்தில் பேரம் முடிந்தது. விலை குறைந்ததில் அவருக்கு வருத்தமில்லை. ஐந்து ஆண்டு ஓடியதற்கான கூலி என்று எடுத்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்த மனம் வராததற்கு வரலாறும் காரணம். 1990களில், போரால் எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், மொரிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். ஒரு வாகனம் போனால் இன்னொன்று வராது என்பது அந்தத் தலைமுறைக்கு உடம்பில் ஏறிய பாடம். தெற்குக்கான பாதை திறந்தபின் கொஞ்சம் மறந்தோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரிவரை கதவு திறக்கவில்லை. இடையில் 2022இல் ரூபாய் சரிந்தது. ஆறேழு ஆண்டு ஓடிய 660 சிசி கார், வாங்கிய விலையை விட மிக அதிகமாகக் கேட்கப்பட்டது. அந்த ஆண்டு எரிபொருளுக்கு கியூஆர் அட்டை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர். பெற்றோல் செட் வரிசையில் பெரிய ஜீப்புக்காரர்கள் சிறிய சுசுகிகளைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. அதே 20 லீற்றரில் அவை முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடும்.

இந்த இரண்டு முறைகளில் எது நல்லது என்று கேட்டால், இரண்டிலும் எனக்குக் குறை தெரிகிறது. மலிவாகச் செய்யும் அவசரத்தில் இந்தியா நீண்ட காலம் உயிரை மலிவாக எண்ணியது. 2014இல் குளோபல் என்காப் மோதல் சோதனையில் காற்றுப்பை இல்லாத ஆல்டோ 800 ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமானது 2019இல்தான். இன்று நிலை மாறி வருகிறது. 2024இல் புதிய டிசையர் ஐந்து நட்சத்திரம் பெற்றது. விலை குறைந்த காரிலும் அது முடியும் என்றால் முன்பே முடிந்திருக்க வேண்டும். இலங்கையின் குறை வேறு. கார் நகை போல ஆகிவிட்டதால் ஓய்வெடுக்க வேண்டிய காரும் சாலையில் நிற்கிறது; மீற்றரைத் திருப்பி விற்கும் கள்ளமும் அதனால் வருகிறது. இங்கே பழைய காரை வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மீற்றரை நம்பாதீர்கள், சாவியைத் திருப்பும்போது காற்றுப்பை விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் அங்கே ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது.

இந்தியா 2025 செப்டம்பரில் சிறிய காருக்கான ஜிஎஸ்டியை 18 வீதமாகக் குறைத்தது. ஒரு குடும்பத்தின் முதல் காரை ஆடம்பரமாகப் பார்க்கக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. டொலர் தட்டுப்பாடு கண்ட இலங்கை வரியை முழுவதும் விடமுடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு ஏற்றும் 660 சிசி காரையும் ஊர்வலம் போகும் ஜீப்பையும் வேறு வேறு கண்ணால் பார்க்க இலங்கை அரசு பழக வேண்டும். அதுபோல, ஓடக்கூடிய காரை ஐந்தாம் ஆண்டிலேயே கைவிடும் பழக்கத்தை இந்தியக் குடும்பங்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

சென்ற முறை சென்னை போனபோது மாமா ஒரு துண்டுத்தாள் தந்தார்: 800க்கு கார்புரேட்டர் கிட். கொழும்பு பஞ்சிகாவத்தையில் சரியான சாமான் அகப்படவில்லையாம். புதுப்பேட்டையில் மூன்றாவது கடையில் கிடைத்தது. கடைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஓடுதா சார்?" என்றார். ஓடுகிறது என்றேன். உள்ளே போய்த் தூசி படிந்த அட்டைப்பெட்டியைத் துடைத்துக் கொண்டுவந்து, "பத்திரமா கொண்டு போங்க" என்று தந்தார். யாழ்ப்பாணம் பலாலிக்குப் பறந்த சிறிய விமானத்தில் அது என் கைப்பையில் இருந்தது.

மறுநாள் கராச் தம்பி பூட்டினான். பழைய ஜெற்றையும் கஸ்கற்றையும் துணியில் சுற்றி, "மாஸ்டர், இதை எறியாதேங்கோ" என்றான். இரண்டாம் முறையில் எஞ்சின் பிடித்தது. மாமா கையுறைப் பெட்டியைத் திறந்து நீல மட்டைக் கொப்பியை எடுத்தார். ஒயில் மாற்றியது, ரயர் மாற்றியது எல்லாம் 2010இலிருந்து தேதியோடு அதில் இருக்கின்றன. மூக்குக்கண்ணாடியை ஏற்றி மீற்றரைப் பார்த்து, அன்றைய மைலேஜை எழுதினார். பக்கத்தில், "கிட், சென்னை" என்று குறித்தார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, அடுத்தமுறை போகேக்கை கிளட்ச் கேபிள் ஒண்டு பார்" என்றார்.