விளியில் விளையும் இழிவு: ‘கூலி’, ‘சாமி’ என்னும் இரு சொற்கள்

அன்றாட வழக்கில் குற்றமின்றி வழங்கும் சொல், ஓர் இனத்தாரை இழித்து அழைக்கும் விளியாக மாறுவதுண்டு. இதனைப் ‘பொருள் இழிபு’ என்னும் ஒரே தலைப்பில் அடக்கிவிடுவது சொற்பொருளியலார் மரபு. அவ்விளக்கம் போதுமானதன்று என்பதைத் தென்னாப்பிரிக்காவில் வழங்கிய இரு சொற்களைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1. கூலி

தமிழில் கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். ஆள்வினையுடைமை அதிகாரத்தில் முயற்சியின் பயனைச் சுட்ட வள்ளுவர் ஆண்டதும் இச்சொல்லே. ஊதியம் பெறுவோரைக் குறிக்கக் கூலியாள், கூலிக்காரன் எனத் தனிச்சொற்கள் உள்ளன. ஆங்கிலத்தில் ‘கூலி’ என்பது ஆளையே குறித்தது. 1886இல் வெளிவந்த ஆப்சன்-ஜாப்சன் அகராதி, மேற்கிந்தியாவின் கோலி என்னும் இனப்பெயரே இதன் மூலமாகலாம் என்கிறது; கூலி என்னும் தமிழ், கன்னடச் சொல்லையே வில்சன் மூலமாகக் கொண்டார் என்பதையும் உடன் குறிக்கிறது. மூலம் எதுவாயினும், இழிவு எங்ஙனம் விளைந்தது என்பதை அது விளக்காது.

1860 முதல் ஒப்பந்தத் தொழிலாளர் நேட்டாலில் குடியேற்றப்பட்டனர். பின்னர்த் தம் செலவிற் சென்ற வணிகரும் ‘கூலி வணிகர்’ எனப்பட்டனர்; 1893இல் அங்குச் சென்ற காந்தியடிகள் ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டார். எவரிடமும் கூலி பெறாதவர்க்கும் இப்பெயர் பொருந்தியதெனின், தொழில் என்னும் பொருட்கூறு நீங்கி இனம் என்னும் கூறே எஞ்சியது என்பது தெளிவு.

2. சாமி

முத்துசாமி, இராமசாமி என்னும் பெயர்களின் ஈறு அந்நாட்டில் இந்திய ஆடவர் அனைவர்க்கும் உரிய விளியாயிற்று. இங்குப் பொருள் இழியவில்லை; தமிழில் சாமி உயர்வுச் சொல்லே. தலைவன் என்பதே அதன் பொருள் எனச் சிலர் நயமாக எடுத்துரைத்தபோது ஆங்கிலேயருள் சிலர் சினந்தனர் எனக் காந்தியடிகள் தம் வரலாற்றில் குறிக்கிறார். ஒருவர்க்குரிய தனிப்பெயரை அறிய வேண்டுவதில்லை என்னும் மனப்பாங்கே இழிவின் தோற்றுவாய். ஆகவே இழிவு சொற்பொருளில் இல்லை. அழைப்போர்க்கும் அழைக்கப்படுவோர்க்கும் இடையிலுள்ள உறவில் உள்ளது. தொல்காப்பியர் விளிமரபு என ஓர் இயலே வகுத்திருக்க, இன்றைய பொருளாய்வு விளியைப் புறக்கணிப்பது பெருங்குறை.

3. அகராதியின் கடமை

இக்குறை பிறர்க்கு மட்டும் உரியதன்று. இலங்கை மலையகத் தமிழர் ‘கள்ளத்தோணி’ எனவும் ‘தோட்டக்காட்டான்’ எனவும் இழித்துரைக்கப்பட்டனர். தோணியும் தோட்டமும் எளிய சொற்களே. ஆயினும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களை நோக்கி ‘கள்ளத்தோணி’ என்னும்போது, அச்சொல் அவர்தம் இருப்புரிமையையே மறுக்கிறது. ‘தோட்டக்காட்டான்’ என்பதை வழங்கியோருள் தமிழரும் உளர் என்பது நாம் எதிர்கொள்ள வேண்டிய உண்மை.

எனவே இத்தகைய சொற்களுக்குச் சொற்பிறப்பை மட்டும் தருதல், ‘சொல்லில் தவறில்லை’ எனச் சான்றளிப்பதாக முடியும். யார், யாரை, எச்சூழலில் அழைத்தனர் என்னும் வழக்குக் குறிப்பும் பதிவின் உறுப்பாதல் வேண்டும். அக்குறிப்பில்லாத அகராதி, அழைத்தவர் பக்கமே நிற்கும்.