கச்சேரி என்னும் சொல்

வடபுலத்தில் வாழும் தமிழர்க்கு இருபொருள் தந்து மயக்கும் சொற்களுள் ஒன்று ‘கச்சேரி’. மார்கழித் திங்களில் ‘கச்சேரிக்குப் போகிறோம்’ என்று நம் இல்லத்தரசியர் சொல்லக் கேட்ட அண்டை வீட்டார், ‘என்ன வழக்கு?’ என்று பரிவோடு வினவுவதுண்டு. அவர்க்குக் ‘கசஹரி’ என்பது நீதிமன்றம். வக்கீல்களும் முத்திரைத்தாளும் மலிந்த இடம். நமக்கோ அது தம்புராவும் மிருதங்கமும்.

முதற்கண் ஒன்றைக் கூறிவிடுகிறோம். இது தமிழ்ச்சொல் அன்று, வடக்கிலிருந்து வந்தது. சங்க நூல்களில் இதனைக் காண இயலாது. ஓசை ஒற்றுமை ஒன்றையே பற்றிக்கொண்டு இதற்குத் தமிழ் வேர் தேடுவது வீண் உழைப்பு.

அலுவலகம் என்னும் பொருளே பழையது, பரப்பும் உடையது. கன்னடத்தில் இன்றும் அலுவலகம் என்றாலே கச்சேரிதான். அஞ்சல் நிலையம் ‘அஞ்செ கச்சேரி’. (அங்குப் பணிமாற்றம் கிடைத்தால் எம்போன்ற எழுத்தர் நாள்தோறும் கச்சேரி செய்பவர் ஆவோம்!) பெங்களூரில் 1868ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற செந்நிற மாளிகை ‘அட்டார கச்சேரி’; பதினெட்டு அலுவலகங்கள் என்பது பொருள். இப்பொழுது அங்கே உயர்நீதிமன்றம் நடைபெறுகிறது. வங்கத்தில் ஜமீன்தார் வரி தண்டிய மனை ‘காச்சாரி’. தாகூர் குடும்பத்தாரின் அத்தகைய மனையொன்று ஷாஜாத்பூரில் நினைவில்லமாக உள்ளது. இலங்கைத் தமிழரோ மாவட்டச் செயலகத்தைக் கச்சேரி என்றே வழங்கினர். நம் முன்னோரும் ‘தாலுக்காக் கச்சேரி’ என்றவர்களே. மயிலாப்பூரின் கச்சேரி சாலை பாட்டினால் அப்பெயர் பெற்றது என்று எண்ணுவோர் பலர். அது அலுவலகத்தால் வந்த பெயர்.

அங்ஙனமாயின் பாட்டு எவ்வாறு உள்ளே புகுந்தது? ‘சீட்டுக் கச்சேரி’ என்னும் வழக்கு இதற்கு நல்ல சான்று என்பது எம் துணிபு. சீட்டாட்டத்தில் அலுவலும் இல்லை, இசையும் இல்லை. பலர் கூடி அமர்ந்திருத்தல் ஒன்றே உண்டு. ஆகவே தமிழ் இச்சொல்லிலிருந்து அதிகாரத்தைக் கழித்துவிட்டு, கூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டது. கூட்டம் என்று ஆனபின் பாட்டுக் கச்சேரியும் சதிர்க் கச்சேரியும் எளிதில் அமைந்தன. பிற்காலத்தில் அடைமொழியும் உதிர்ந்து, ‘கச்சேரி’ என்றாலே இசை என்று நின்றது. நேபாளத்திலும் இதனையொத்த ஒரு திருப்பம் உண்டு. ஊர்வழக்கைப் பலர்முன் கேட்டுத் தீர்க்கும் மன்று அங்கே ‘கசஹரி’. அப்பெயரையே ஒருவகை நாடகத்திற்கு இட்டு, பார்வையாளரையே தீர்வு கூறச் செய்கின்றனர். மன்று மேடையேறியது அங்கும் நிகழ்ந்ததே.

இதற்கு நேர்மாறான பயணம் நம் ‘கழகம்’ என்னும் சொல்லினுடையது. வள்ளுவர் சூது அதிகாரத்தில் அதனைச் சூதாடும் இடத்திற்கு வழங்கினார். நாம் அதனையே பல்கலைக்கழகம் ஆக்கினோம். அரசு அலுவலகம் சீட்டாட்டத்திற்கு இறங்கிவர, சூதாடு களம் கல்விக்கு ஏறிச் சென்றது.

கச்சேரியை விலக்கி ‘இசையரங்கு’ என்றே வழங்குக என்பார் உளர். அச்சொல் இனியது, அதில் எமக்கு மறுப்பில்லை. ஆயினும் பிறமொழிச் சொல் என்ற காரணம் ஒன்றே போதுமென்று நாம் கருதவில்லை. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்டோர் முதன்மையாகக் கேட்டது, மேடையில் தமிழ்ப்பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதே. நம் ஊர்ச் சங்க மேடைகளில் தமிழ்ப்பாடல் இறுதிக் கால்மணி நேரத்திற்குத் தள்ளப்படுவதைப் பொறுத்துக்கொண்டு, அழைப்பிதழில் மட்டும் சொல்லை மாற்றுவது முறையன்று. இங்குப் பிறந்த நம் மக்கள் அப்பாடல்களை வேறெங்குக் கேட்பர்?

அழைப்பிதழின் இந்திப் பக்கத்தில் மட்டும் ‘சங்கீத் சபா’ என்று அச்சிடுவது நலம். அண்டை வீட்டார் வக்கீலைத் தேடாமல் பாட்டுக் கேட்க வரட்டும்.