இடவலமாய் ஒரு தலையாட்டல்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு டீக்கடை வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும். ஒருவர் தமிழில் கேட்பார், அடுத்தவர் கன்னடத்தில் பதில் சொல்வார், மூன்றாமவர் உருதுவில் குறுக்கே புகுவார். மூவருக்கும் பொதுவானது தலையாட்டல். மேலும் கீழுமாக அல்ல. காது தோளை நோக்கிச் சாய்ந்து நிமிரும் அந்த ஆட்டல். 1809இல் கண்டோன்மென்ட் உருவானபின் பட்டாளத்தையும் அதன் வேலைகளையும் நம்பி வந்த தமிழர்களும், மற்ற மொழிக்காரர்களும் நெருங்கி வாழ்ந்த இந்தப் பகுதியில், அகராதி தேவைப்படாத மொழி அது.

அதன் அருமை பேச்சை அறுக்காமல் இருப்பதில். “ம், கேட்கிறேன், மேலே சொல்லு” என்பதை வாய் திறக்காமலே சொல்லிவிடலாம். பிடிக்காததை முகத்துக்கு நேரே மறுக்கும் சங்கடமும் இல்லை.

கோளாறும் அங்கேதான். “அண்ணா, நாளைக்கு வந்து குழாயைப் பாத்துடுவீங்களா?” தலை ஆடுகிறது. மறுநாள் ஆள் வருவதில்லை. அவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்டது காதில் விழுந்தது என்று மட்டுமே சொன்னார். குழாய் என்றால் சிரித்துவிடலாம். டாக்டர் மாத்திரையை விளக்கும்போது ஒரு பாட்டி இப்படித் தலையாட்டினால்?

இப்படி வாய் சொல்லாததைப் படிப்பது பற்றி வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்று ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் எழுதினார். 71ஆம் அதிகாரத்தில் அமைச்சன் அரசனின் முகத்தைப் படிக்கிறான். 110இல் காதலர் ஒருவர் கண்ணை ஒருவர் படிக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் நம் தவறு. சமமானவர்களிடையே குறிப்பு அழகு. மேல்கீழ் வந்துவிட்டால் படிக்கும் பாரம் முழுவதும் கீழே இருப்பவன் தலையில். தோள்துண்டு இடுப்புக்கு இறங்கியதும், வாய் பொத்திப் பேசியதும் மரியாதை என்றே சொல்லப்பட்டன. யார் யாருக்கு என்பதைச் சாதி முடிவு செய்தது. சுயமரியாதைக்காரர்கள் துண்டைத் தோளிலேயே வைத்துக்கொண்டது வெறும் உடைப் பிரச்சினை அல்ல.

துண்டை இடுப்புக்கு இறக்குவது போனாலும் கட்டிய கை போகவில்லை. பள்ளியில் “கையைக் கட்டு” என்பது ஒழுக்கம். நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பவருக்கு அதே கட்டிய கை ஒதுங்கலின் அடையாளம். வீட்டில் “பெரியவங்களை என்னடா முறைக்கிற?”, அங்கே “கண்ணைப் பார்த்துப் பேசு.” ஒரே பையன், ஒரே நாளில், இரண்டு உடம்புகளைச் சுமக்கிறான். தடுமாறினால் ‘தன்னம்பிக்கை இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். அவனிடம் இல்லாதது தன்னம்பிக்கை அல்ல, இரண்டாவது இலக்கணத்தில் பழக்கம்.

தலையாட்டலை ஒழிக்க வேண்டியதில்லை. பதில் முக்கியமான இடத்தில் வாய்ச்சொல்லையும் கேட்டு வாங்கினால் போதும். “மாத்திரை எத்தனை வேளை, நீங்களே சொல்லுங்கம்மா” என்று ஒரு நர்ஸ் திருப்பிக் கேட்டதைப் பார்த்தேன். நல்ல வழி.

பாட்டி அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.