பெஸே: கனப்பது எது?

பிரெஞ்சுக்காரர்களுக்குக் கணினிக் கோப்புகூட எடையுள்ள பொருள்தான். ஒரு படம் 3 எம்.பி. 'எடையிருக்கிறது' என்பார்கள். அதற்கான வினைச்சொல் 'பெஸே'. கடைக்காரர் தக்காளியை நிறுப்பதும் பெஸே. அந்தத் தக்காளி ஒரு கிலோ இருப்பதும் பெஸே. தமிழில் இரண்டுக்கும் ஒரே வினை கிடையாது. அது பெரிய விஷயமில்லை, இடத்துக்குத் தக்கபடி எழுதிட்டுப் போயிடலாம். உருவகமா வரும்போதுதான் சிக்கல்.

'தனிமை எனக்கு பெஸே' என்று பிரெஞ்சில் ஒருவர் சொன்னால், 'தனிமை என்மேல் கனக்கிறது' என்று அப்படியே எழுதிவிடத் தோன்றும். ஆனா நாம அப்படியா பேசுறோம்? 'தனியா இருக்கிறது மனசுக்குப் பாரமா இருக்கு', 'மனசு கனக்குது' என்போம். அங்கே கனப்பது தனிமை, இங்கே கனப்பது மனசு. எழுவாயை மாற்றத் துணியாத மொழிபெயர்ப்பு படிக்கும்போதே இடறும்.

'வார்த்தைகளை பெஸே செய்' என்பது நம்ம 'அளந்து பேசு'. அவர்களுக்குத் தராசு, நமக்குப் படி. (வெறுமனே 'அளக்கிறான்' என்றால் புளுகுகிறான் என்றாகிவிடும், ஜாக்கிரதை.) 'சிந்திப்பது' என்ற பொருள் தரும் 'பான்ஸே'யும் பெஸேயும் ஒரே லத்தீன் வினையிலிருந்து பிறந்தவை. நம்மிடமும் 'சீர்தூக்கிப் பார்ப்பது' இருக்கே!

உண்மையான சோதனை சிமோன் வெய் புத்தகத்தின் தலைப்பு. அவர் 1943இல் இறந்தபின், குஸ்தாவ் திபோன் அவருடைய குறிப்பேடுகளிலிருந்து தொகுத்து 1947இல் வெளியானது. தலைப்பில் இரண்டே சொற்கள்: 'பெஸாந்தர்', 'கிராஸ்'. முதலாவது பெஸேயின் பெயர்ச்சொல். பொருட்களைக் கீழே விழவைக்கும் விசைக்கும் அதுதான் பெயர். ஆங்கிலத்தில் 'கிராவிட்டி' என்றார்கள். அந்த வழியாகத் தமிழுக்கு வந்தால் கை தானாக 'ஈர்ப்பு' என்றுதான் எழுதும்.

அங்கேதான் எல்லாம் தலைகீழாகிறது. 'அவளிடம் ஓர் ஈர்ப்பு' என்றால் நமக்கு அது இனிமையான விஷயம். வெய் சொல்வதோ ஆன்மாவைக் கீழே இழுக்கும் சுமையை. அதிலிருந்து விதிவிலக்கு அருள் ஒன்றுதான் என்கிறார். 'ஈர்ப்பும் அருளும்' என்று போட்டால் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்ளும், புத்தகத்தின் சண்டையே காணாமல் போயிடும். 'கனம்' போடலாமா? அதில் 'கனம் நீதிபதி அவர்களே' என்ற மரியாதை வந்து ஒட்டிக்கொள்ளும்.

நானாக இருந்தால் 'பாரமும் அருளும்' என்பேன். இயற்பியல் விதி என்ற தொனி இதில் போய்விடுகிறது, வாஸ்தவம்தான். அதை முன்னுரையில் ஒரு பத்தியில் சொல்லிக்கொள்ளலாம்.